குறைப் புத்தகம்

ஏப்ரல் 3

அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல்னு எல்லாம் எழுத மாட்டேன். இங்க நலமும் இல்லை, உன் நலத்தை அறிய எனக்கு ஆவலும் இல்லை.

போன்லயே சொல்லியிருப்பேன். "லிஃப்ட்டுக்கு மேல நிக்கறேன், சிக்னல் இல்லை"ன்னு வெச்சுடுவே. எட்டு வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பண்றவனுக்கு எந்த இடத்துல சிக்னல் போகும்னு நல்லாவே தெரியும். கடிதத்தை அப்படிப் பாதியில வெக்க முடியாது. வெச்சாலும் மேஜை மேல உட்கார்ந்து உன்னை முறைச்சுக்கிட்டே இருக்கும்.

இன்னைக்கு வகுப்புல என் மானம் போச்சு. காரணம் நீ.

மேடம் அந்த ரயில்வே கேட் நாவலைப் பத்திக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தாங்க. எந்த நாவல்னு உனக்குச் சொல்லணுமா என்ன? கேட் கீப்பர் பையன் வளர்ந்து ஆளாகற கதை. படிச்சவங்க எல்லாரும் "என்னை மாத்தின புத்தகம்"னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்ற கதை. தலையணைக்கு அடியில வெச்சுக்கிட்டு நீ படிச்சுப் படிச்சு மூலையெல்லாம் மடங்கிப்போன கதை. நம்ம அலமாரியில இருந்த உன் காப்பியைத்தான் நானும் எடுத்துப் படிச்சேன். உருகி உருகி எழுதினேன். "இந்த நாவலின் துணிச்சலே அதன் முடிவுதான். ஆசிரியர் அவனைத் திரும்ப அழைத்து வரவில்லை. ரயில் போகிறது, கதையும் அங்கேயே நின்றுவிடுகிறது." இப்படி.

மேடம் அதைச் சத்தமாப் படிச்சுக் காட்டினாங்க. நான் வேற பாராட்டத்தான் படிக்கறாங்கன்னு நினைச்சு நிமிர்ந்து உட்கார்ந்தேன். படிச்சு முடிச்சுட்டுக் கேட்டாங்க: "ஏம்மா, உன் புத்தகத்துல கடைசிப் பக்கத்தை எலி தின்னுடுச்சா?" மொத்த வகுப்பும் சிரிச்சுது. பின் பெஞ்சுல ஒருத்தன் "கீச் கீச்"னு கத்தினான்.

ஓடிப்போய் லைப்ரரியில பார்த்தேன். ஒவ்வொரு ஃபாரத்தோட முதல் பக்கத்துலயும் கீழே குட்டியா ஒரு நம்பர் இருக்குமே, அதைத்தான் முதல்ல பார்த்தேன். நம்ம காப்பி பதினெட்டோட முடியுது. லைப்ரரி காப்பியில பத்தொம்பது இருக்கு. ஒரு ஃபாரம், மடிச்ச தாள் ஒண்ணு, பதினாறு பக்கம், நம்ம வீட்டுக்கு வரவே இல்லை.

நம்ம வீட்டு அலமாரியில முழுசா ஒரு புத்தகம் இருந்திருக்கா, சொல்லு? அப்பா கடைக்குப் பைண்டிங்குக்கு வர்ற தாள்ல எந்த ஃபாரம் குறையுதோ அந்தக் காப்பி விலைக்குப் போகாது, வீட்டுக்கு வரும். நாம வளர்ந்ததே குறைப் புத்தகத்துல. புதுசு வந்தா முதல் வேலையா நம்பரை எண்ணுவே, "ஏழாவது ஃபாரத்தைக் காணோம்டி"ன்னு கத்துவே, அப்புறம் காணாமப்போன கதையை நீயே கட்டிச் சொல்லுவே. நீ கட்டின கதையில எல்லா வில்லனும் பசை வாளியில விழுந்துதான் சாவான்.

அப்படி எண்ணினவன் இதை மட்டும் ஏன் எண்ணலை? பதினெட்டு முடியற இடம் உனக்குப் பிடிச்சுப்போச்சு. அதான்.

நீ போறப்போ முக்காலி மேல ஒரு சீட்டு வெச்சுட்டுப் போனியே. "அவன் திரும்பிப் பார்க்கவில்லை." ஒரே வரி. கையெழுத்து வேற அவ்ளோ அழகு. அது நாவலோட முடிவு இல்லைண்ணா. தாள் தீர்ந்துபோன இடம். அடுத்த பக்கத்துல அவன் திரும்பி வர்றான்.

அப்பாகிட்டக் கேட்டேன், "இதுல கடைசி ஃபாரம் இல்லையேப்பா?"ன்னு. நிமிர்ந்துகூடப் பார்க்கலை. "இருந்திருந்தா கடைக்குப் போயிருக்குமே"ன்னார்.

இன்னொரு விஷயம். அதுக்குத்தான் முக்கியமா எழுதறேன். எனக்கு வெளியூர்ல மேல்படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு. ஜூன் பத்துக்குள்ள போய்ச் சேரணும். அப்பாவுக்கு வலது தோள் பூட்டிக்கிச்சு. கட்டிங் மெஷின் கைப்பிடியை இழுக்க முடியலை. இப்போ நான்தான் இழுக்கறேன். நான் போயிட்டா யார் இழுப்பாங்க? நாவலைப் பத்தி எழுதாட்டிப் போகுது. இதுக்குப் பதில் எழுது.

தங்கை

ஏப்ரல் 11

வாலு,

வருஷத்துக்கு ரெண்டு கார்டு போடறேன். ஒண்ணுக்கும் பதில் வராது. இப்போ எழுதறப்போ எட்டு வருஷத்துக்கும் சேர்த்து எழுதறே. சந்தோஷம்.

அந்தப் பத்தொம்பதாவது ஃபாரத்தை நான் நம்பலை. சின்ன வயசுல நான் கதை கட்டி உன்னை ஏமாத்தினேன், இப்போ நீ கட்டறே. நல்லாவே கட்டறே. ஆனா அந்த நாவல் எனக்கு மனப்பாடம். அது முடிஞ்ச கதை. அதுக்கு மேல ஒரு வரி சேர்த்தாலும் கெட்டுப்போகும்.

ஏன் போனேன்னு உனக்குத் தெரியாதா? பன்னெண்டு வயசு உனக்கு, தெரியாமக்கூட இருக்கலாம். எனக்குப் பரீட்சை நடந்த மாசம்தான் காலேஜ்ல இருந்து ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் கட்டுக் கட்டா பைண்டிங்குக்கு வந்துச்சு. "ரெண்டு நாள் போகாட்டி ஒண்ணும் குடி முழுகிடாது"ன்னார் அப்பா. முழுகிடுச்சு. எவன் எவனோ டாக்டர் பட்டம் வாங்கறதுக்கு நான் அட்டையில கேலிகோ துணி ஒட்டி, தங்க எழுத்து அடிச்சேன். என் பேருக்கு எதிர்ல மட்டும் ஃபெயில்னு வந்துச்சு. திரும்ப எழுதறேன்னேன். "கைத்தொழில் இருக்கறப்போ காகிதம் எதுக்கு"ன்னார். காகிதத்துலயே பொழைக்கற மனுஷன்! கத்தினேன். "வாசலைத் தாண்டினா திரும்பி வராதே"ன்னு சொன்னது அவர். நான் சொல்லலை.

இப்போ அவருக்குத் தோள் வலின்னா நான் ஓடி வரணுமா?

உனக்கு இடம் கிடைச்சதுல எனக்கு நிஜமாவே பெருமை. கிளம்பு. யோசிக்காதே. நான் கிளம்பலையா? கடைக்கு ஓர் ஆள் போட்டுக்கச் சொல்லு.

அண்ணன்

ஏப்ரல் 19

அண்ணாவுக்கு,

"ஓர் ஆள் போட்டுக்கச் சொல்லு." அடடா! இது இத்தனை நாளா எங்களுக்குத் தோணவே இல்லை பாரேன்!

போட்டோம். முதல் ஆள் மதியம் சாப்பிடப் போனான், இன்னும் சாப்பிட்டுக்கிட்டே இருக்கான். ரெண்டாவது ஆள் வெட்டின கட்டு ஒருபக்கம் சாஞ்சிருந்துச்சுன்னு அப்பா அவன் முன்னாடியே அதைத் தூக்கிப் போட்டார். அவரைப் பத்தி உனக்கா சொல்லணும்? அவர்கிட்ட ஆள் நிக்காது. பெத்த பிள்ளைங்கதான் நிக்கணும். அதுல ஒண்ணு ஓடிப்போச்சு.

கிளம்புன்னு எனக்குப் புத்தி சொல்றே. நீ கிளம்பினப்போ வீட்டுல நான் இருந்தேன். நான் கிளம்பறப்போ யார் இருக்கா? இந்தச் சின்னக் கணக்கு ஏன் உன் மண்டையில ஏறலை? நீ போன மறுநாள் எனக்குக் கணக்குப் பரீட்சை. சீருடையெல்லாம் போட்டுக்கிட்டு வந்து நிக்கறேன். அப்பா உன் முக்காலியைக் காலால என் பக்கம் தள்ளிட்டு "உட்காரு, மடி"ன்னார். அம்மா இருந்திருந்தா சண்டை போட்டிருப்பாங்க. நான் உட்கார்ந்தேன். மடிச்சேன். மதியம் அவரே பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சர்கிட்டக் கெஞ்சி இன்னொரு நாள் எழுத வெச்சார், அது வேற கதை. உனக்கு அந்தக் கெஞ்சல் கிடைக்கலைன்னு எனக்கும் தெரியும். நீ ஃபெயிலானதுலதான் அவர் அதைக் கத்துக்கிட்டார். அது அநியாயம்தான். ஆனா அதை நான் செய்யலையே! எனக்கு எதுக்குத் தண்டனை?

நாவலைப் பத்தி இப்போ சொல்றேன், கேளு. மனப்பாடம்னியே. அவன் கூட்ஸ் ரயில்ல தொத்திக்கிட்டுப் போறானே, அன்னைக்குக் காலையில கேட்டைச் சாத்தினது யாரு? பச்சைக் கொடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு? ஞாபகம் இல்லையா? தங்கச்சி. அப்பன்காரன் காய்ச்சல்ல படுத்துக் கிடக்கான். அந்தப் பொண்ணு கொடி காட்டலைன்னா அந்த ரயிலே நகர்ந்திருக்காது. எட்டு வருஷமா அந்தப் பக்கத்தை மனசுல வெச்சுக்கிட்டு "ஆஹா, விடுதலை"ன்னு நெஞ்சைத் தடவிக்கிட்டியே, கொடி பிடிச்ச கை ஒருநாளாவது கண்ணுல பட்டுச்சா?

அவளுக்குப் பேர்கூட இல்லை. அவனுக்கு இருக்கு, அவங்க வீட்டு நாய்க்கு இருக்கு. அவ தண்ணி தூக்கறா, விளக்குத் துடைக்கறா, கொடி பிடிக்கறா. அவ்வளவுதான்.

கடைசி ஃபாரத்துல என்ன ஆகுதுன்னு நினைக்கறே? அவன் பெரிய ஆளாகித் திரும்பி வர்றான். கேட்டுல நரைச்ச தலையோட ஒரு பொம்பளை. அவதான். அவனைப் பார்த்ததும் அழறா. "நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும்"னு சொல்றா. உள்ளே போய் அவனுக்குப் படுக்கை தட்டிப் போடறா. நாவல் முடிஞ்சுது, எல்லாரும் கை தட்டுங்க!

மேடம் இதை "மன்னிப்பின் உச்சம்"னு சொன்னாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எழுந்து கேட்டேன், "அவன் இல்லாத அத்தனை வருஷமும் கேட்டை யார் பார்த்துக்கிட்டா மேடம்? அவ எங்கேயாவது போகணும்னு ஆசைப்பட்டாளா?" மேடம் கண்ணாடியைக் கழட்டிட்டு, "அது நாவலோட மையம் இல்லம்மா"ன்னாங்க. இந்தத் தடவை யாரும் சிரிக்கலை. எனக்குத்தான் சிரிப்பா வந்துச்சு. எங்க வீட்டுல அதுதான் மேடம் மையம்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருக்கணும்.

ரெண்டு பாதியுமே எனக்குப் பிடிக்கலைண்ணா. நீ படிச்ச பாதியில அவ கொடி பிடிக்கறா. நீ படிக்காத பாதியில படுக்கை போடறா. நான் ரெண்டையும் செய்யப் போறதில்லை.

ஒண்ணு மட்டும் சொல்லிட்டு நிறுத்தறேன். தெருவுல தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டா அப்பா கையில இருக்கற வேலையை நிறுத்துவார். சைக்கிள் தாண்டிப் போனதும் திரும்ப ஆரம்பிப்பார். இதுக்கு மேல எதுவும் சொல்ல மாட்டேன். நீயே யோசிச்சுக்கோ.

தங்கை

ஏப்ரல் 27

வாலு,

இங்க ரெண்டு புத்தகக் கடையில கேட்டேன், இல்லை. லைப்ரரி காப்பியை யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்களாம். என் கண்ணால பார்க்காம நம்ப மாட்டேன். பார்த்துட்டு எழுதறேன்.

அண்ணன்

மே 2

அண்ணாவுக்கு,

நான் தோளைப் பத்தி எழுதினா நீ லைப்ரரியைப் பத்தி எழுதறே. ஜூன் பத்து. திரும்பவும் எழுதறேன், ஜூன் பத்து. அப்பா நேத்து யாருக்கும் தெரியாம இடது கையால இழுத்துப் பார்த்தார். கட்டு நகர்ந்து கத்தி கோணலா இறங்குச்சு. கையை எடுத்துட்டார், நல்லவேளை. திட்டினேன். "உனக்குப் படிப்பு இருக்குல்ல, நீ போ"ன்னார். போன்னு சொல்றவர் முகம் போன்னு சொல்லலை. இந்த முகத்தைப் பார்க்காமத்தானே நீ ஓடினே?

தங்கை

மே 12

வாலு,

படிச்சுட்டேன்.

ஒரு பழைய கட்டடத்துல லிஃப்ட் மோட்டார் ரூம். உட்கார ஒரு மரப்பெட்டி. கீழே ரெண்டாவது மாடியில ஒரு பெரியவர் பெல்லை அழுத்திக்கிட்டே இருந்தார். அழுத்தட்டும்னு விட்டுட்டுப் படிச்சேன். நம்பரைத்தான் முதல்ல பார்த்தேன். பத்தொம்பது.

நீ சொன்ன எல்லாம் இருக்கு. அழறா. படுக்கை போடறா. எனக்கு அவன் மேலதான் கோபம். வந்து நிக்கறான் பார், கோட்டு போட்டுக்கிட்டு! "எப்படி இருக்கே"ன்னு ஒரு வார்த்தை கேட்கலை அந்த நாய். அப்பா எப்போ செத்தார்னு கேட்கறான். அதுக்கப்புறம் பசிக்குதுங்கறான். புத்தகத்தைச் சுவத்துல அடிச்சேன். லைப்ரரிக்காரங்க கேட்டா மோட்டார் ரூம்ல விழுந்துடுச்சுன்னு சொல்லிக்கணும்.

ஆனா ஒண்ணு. பத்தொம்பது வயசுல இந்தப் பதினாறு பக்கத்தையும் படிச்சிருந்தாலும் நான் போயிருப்பேன். ஒரு ஃபாரம் குறைஞ்சதாலதான் போனேன்னு நினைக்காதே. அப்பா பண்ணினதுக்குத்தான் போனேன். படிச்சிருந்தா ஒரே ஒரு வித்தியாசம், அந்தச் சீட்டுல உன்னைப் பத்தி ஒரு வரி எழுதியிருப்பேன். "வாலு, வரேன்"னாவது. அது தோணாமப் போனதுக்கு என்னையே நாலு அறை அறையணும்போல இருக்கு.

முடிஞ்சா சீக்கிரம் வரப் பார்க்கறேன்.

அண்ணன்

மே 18

அண்ணாவுக்கு,

"முடிஞ்சா." "சீக்கிரம்." "பார்க்கறேன்." ஒரே வரியில மூணு கதவு திறந்து வெச்சிருக்கே, எது வழியா வேணும்னாலும் ஓடறதுக்கு.

எனக்குத் தேதி வேணும். ஒரு ஆறு மாசம், ஆராய்ச்சிக் கட்டு எல்லாம் முடியற வரைக்கும். நான் எட்டு வருஷம் போட்டிருக்கேன், நீ ஆறு மாசம் போட முடியாதா? அதுக்குள்ள அவர் தோளும் ஒரு வழிக்கு வரும், நல்ல ஆளா ஒருத்தனையும் பழக்கிடலாம். உன்னை ஆயுசுக்கும் முக்காலியில உட்காரச் சொல்லலை.

தங்கை

மே 29

வாலு,

திட்டாதே. மேனேஜர் லீவு தர மாட்டேங்கறார். புதுக் கட்டடத்துல நாலு லிஃப்ட் மாட்டணும். ஜூன் கடைசியில கேட்டுப் பார்க்கறேன். காலேஜ்ல ஒரு மாசம் தள்ளிச் சேர்ந்துக்கறேன்னு கேட்டுப் பாரேன்? எழுதிக் கொடுத்தா ஒத்துக்குவாங்க.

உண்மையைச் சொல்லட்டுமா? லீவு பாதி. மீதி, பயம். வாசல்ல நின்னா அப்பா என்ன சொல்வாரோன்னு.

அண்ணன்

ஜூன் 9, ஹாஸ்டல்

அண்ணாவுக்கு,

வந்து சேர்ந்துட்டேன். கட்டிலுக்கு ஒரு கால் ஆடுது, மடிச்ச பேப்பர் வெச்சிருக்கேன். அந்த வேலை நமக்கு நல்லா வரும்.

நேத்து காலையில கிளம்பினேன். நீ வருவேன்னு சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கலாம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அந்த நரைச்ச தலைக்காரி ஞாபகம் வந்தா. பெட்டியைத் தூக்கிட்டேன்.

அப்பா கடையில தனியா இருக்கார். எதிர் டைலர்கிட்ட ஒரு கண் வெச்சுக்கச் சொல்லியிருக்கேன். மெஷின் கைப்பிடியில சணல் சுத்தி இறுக்கிக் கட்டிட்டு வந்திருக்கேன், அவிழ்க்க ரெண்டு கையும் வேணும். கிளம்பறப்போ வாசல் வரைக்கும் வந்தார். திரும்பிப் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, தெரு முடியற வரைக்கும். உன் நாவல்காரன் மாதிரி எனக்குக் கழுத்து விறைச்சுப் போகலை. பஸ்ல அழுதுக்கிட்டே வந்தேன், ஆனா இறங்கலை.

அவர் அங்க இருக்கார். நான் இங்க இருக்கேன். நீ எங்க இருக்கப்போறேன்னு நீ முடிவு பண்ணு. இனிமே கெஞ்ச மாட்டேன்.

தங்கை

ஜூன் 14, வீடு

வாலு,

உன் கடிதம் புதன்கிழமை கையில கிடைச்சுது. மேனேஜர்கிட்ட லீவு கேட்கலை, போறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். வேலை இருக்குமோ போகுமோ தெரியாது.

வியாழன் மதியம் வந்தேன். கடை வாசல்ல நிக்கறேன். மெஷின் பக்கத்துல உட்கார்ந்து அப்பா பல்லால அந்தச் சணலைக் கடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தார். பாதி அவிழ்த்துட்டார். வலது கை மடியில சும்மா கிடக்கு. இளைச்சுட்டார்டி. சட்டை தோள்ல நிக்கலை. எனக்குத் தலைக்கு மேல கோபம் வந்துச்சு. அவர் மேல இல்லை, உன் மேல. அன்னைக்கே உட்கார்ந்து இந்தக் கடிதத்தை ஆரம்பிச்சேன். முதல் வரி இதுதான்:

"இந்த நிலைமையில இருக்கற மனுஷனைத் தனியா விட்டுட்டுப் போக உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு?"

எழுதி முடிச்சுட்டுப் பார்த்தேன். பார்த்துக்கிட்டே இருந்தேன். இந்த வரியை எழுத உனக்கு எட்டு வருஷம் உரிமை இருந்துச்சு. இத்தனை திட்டின நீ இந்த ஒரு வரியை மட்டும் எழுதவே இல்லை. அடிச்சுட்டு வேற தாள் எடுக்கலாம்னு தோணுச்சு. அடிக்கலை. அப்படியே உனக்கு எழுதியிருக்கேன். படிச்சுட்டு நல்லா திட்டு.

நான் வந்து நின்னதும் என்ன சொன்னார்னுதானே நினைக்கறே? நிமிர்ந்தார். வாயில சணல். துப்பிட்டு, "கதவைச் சாத்து, தாள் பறக்குது"ன்னார்.

அவ்வளவுதான். எட்டு வருஷமா நான் மனசுக்குள்ள ஒத்திகை பார்த்து வெச்சிருந்த வசனமெல்லாம் வீணாப்போச்சு. சாத்திட்டு உள்ளே வந்து மீதிச் சணலை அவிழ்த்தேன். முதல் கட்டை வெட்டினேன். ஒரு பக்கம் சாஞ்சிருந்துச்சு. தூக்கிப் போட்டார். நானும் பதிலுக்குக் கத்தினேன். டைலர் ஓடி வந்து பார்த்துட்டுப் போனார். நேத்தும் சண்டை, இன்னைக்குக் காலையிலயும் சண்டை. பரீட்சையைப் பத்தி அவர் முகத்துக்கு நேரா கேட்டுட்டேன். பசை கிண்டப் போயிட்டார். விடமாட்டேன், தினமும் கேட்பேன். ஆறு மாசம் இருக்கே.

இப்போ இதை முக்காலியில உட்கார்ந்துதான் எழுதறேன். "யாருக்கு?"ன்னார். உனக்குன்னேன். "சாப்பிட்டாளான்னு கேளு"ன்னார்.

கேட்கறேன். சாப்பிட்டியா?

எட்டு வருஷத்துல என்னைப் பத்தி ஒரு தடவையாவது அவர் இப்படிக் கேட்டாரான்னு உன்கிட்டக் கேட்கணும்போல இருக்கு. கேட்டிருந்தார்னா இப்போ எழுதாதே. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் கோபமா இருக்கணும்.

அண்ணன்